பந்திக்குப் போன சாம்பார்

கல்யாணச் சமையற்கட்டில் சாம்பாருக்கு உப்பு குறைந்தால் அண்டாவைக் கவிழ்ப்பதில்லை. உப்பைக் கரைத்து ஊற்றிக் கிளறிவிட்டுப் பரிமாறச் சொல்வார்கள். ஆய்விதழ்களில் திருத்தம் என்பது அதுதான். அட்டவணையில் ஓர் எண் பிசகியிருக்கும், யாரோ ஒருவர் பெயர் விட்டுப்போயிருக்கும். ஆய்வின் முடிவு அசையாது.

“பருப்பில் ஏதோ வாடை வருதே” என்று ஒருவர் சொன்னால், பார்க்கும்வரை வாளியை எடுக்க விடமாட்டார் தலைமைச் சமையல்காரர். இதழாசிரியர் அந்த நேரத்தில் வெளியிடுவது எச்சரிக்கைக் குறிப்பு. கட்டுரையாளரின் பதிலும், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் விசாரணையும் வரும்வரை அது நிற்கும்.

பருப்பு கெட்டதுதான் என்று உறுதியானால் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். நேர்மையாக நேர்ந்த பெரும்பிழைக்கும் இது பொருந்தும். திரும்பப் பெற்றாலே மோசடி என்று முடிவுகட்டுவது அநியாயம். ஆனால் கெட்ட சாம்பாரைப் போலக் கட்டுரையைக் கொட்டிவிடுவதில்லை. ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு அதே இணைய முகவரியில் அது இருக்கும். காரணம் சொல்லும் அறிவிப்பும் கூடவே இருக்கும். சாப்பிட்டவர்களுக்கு எதைச் சாப்பிட்டோம் என்று தெரிய வேண்டாமா?

சிக்கல் ஏற்கெனவே பரிமாறிவிட்ட பந்தியில்தான். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் லான்செட் இதழில் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டது. 2004-இல் உடன் எழுதியவர்களில் 10 பேர் அந்த விளக்கத்தைக் கைவிட்டார்கள். கட்டுரை முழுதாகத் திரும்பப் பெறப்பட்டதோ 2010 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிட்டனில் பெற்றோர் பலர் தடுப்பூசிக்குப் பயந்தார்கள். தட்டம்மை திரும்பி வந்தது. அத்தனை தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே இதழ் 2020 மே 22 அன்று ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதற்குத் தரவு தந்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம் மூலத் தரவை வெளித் தணிக்கைக்குத் தர மறுத்ததும், அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் நீங்கலாக மற்ற மூன்று ஆசிரியர்களும் ஜூன் 4 அன்றே அதைத் திரும்பப் பெற்றார்கள். வேகம் முடியாத காரியமல்ல.

திரும்பப் பெற்ற பிறகும் பழைய பிரதியைக் கணினியில் வைத்திருப்பவர் அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருப்பார். அவருக்குச் சேதி போக வேண்டும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தொகுத்த, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023-இல் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஸோட்டெரோ மென்பொருளில் குறிப்புகளைச் சேர்த்து வைப்பவருக்கு, அதில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால் எச்சரிக்கை தானாகவே வரும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு மாணவரும் தன் மேற்கோள் பட்டியலை இப்படி ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.