சர்வீஸ் முடிந்த பைக்கில் பிரேக் பிடிக்கவில்லையா?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் சாலை ஜி.எஸ்.டி. சாலையோடு சேரும் இடத்தில், முன்னால் போகும் கம்பெனி பஸ் எந்த நொடியும் நிற்கலாம். அங்கே பிரேக் லிவர் கைப்பிடி வரை அமுங்கிவிட்டால் பெரும் ஆபத்து. லிவரை விட்டுவிட்டுப் படபடவென்று அடியுங்கள். பின் பிரேக்கை அழுத்தி, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

நேற்று வரை பிடித்த பிரேக் சர்வீஸுக்குப் பிறகு பிடிக்கவில்லை என்றால், மெக்கானிக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிஸ்க் பேட், பிரேக் ஆயில் மாற்றினார்களா என்பது ஜாப் கார்டிலேயே இருக்கும்.

புது பேட் போடும்போது காலிபர் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். லிவரைச் சில முறை அடித்துப் பிஸ்டனை வெளியே வரவைக்காமல் வண்டியைக் கொடுத்துவிட்டால் முதல் பிடி வெறுமையாகப் போகும். அடித்த பிறகும் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் ஏர் இருக்கிறது. அதை வெளியேற்றும் பிளீடிங் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் ஆயில் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கலாம். லிவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? செயின் ஸ்பிரேயோ பாலிஷோ டிஸ்க்கில் பட்டிருக்கும். எண்ணெய் குடித்த பேடை மாற்றிவிடுவதே நல்லது.

ஏமாற்றுவது இன்னொன்று. வீட்டில் நன்றாகப் பிடிக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் போய்விடும். அரை மணி நேரம் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். லிவருக்குத் தளர்ச்சி இல்லாவிட்டாலோ, பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தாலோ பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து லைனுக்குள் ஆவி சேர்கிறது. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கவேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155தான். சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆறிவிடும், "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார்கள். அதனால் கோளாறு தெரிந்த இடத்திலேயே சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வீடியோ எடுத்துவையுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும்.

காலிபர் போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். அதன் முறுக்கம் தரப்படி இல்லை என்றுதான் ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2019 மே மாதம் சுமார் 7,000 புல்லட்களைத் திரும்ப அழைத்தது. பேட் மாற்றக் காலிபரைக் கழற்றி மாட்டும்போதும் இதுபோன்ற குறை வரலாம்.

பிரேக் போன வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். டாடா ஏஸில் ஏற்றி அனுப்புங்கள். புது ஜாப் கார்டில் "பிரேக் சரிபார்ப்பு" என்று பொதுவாக எழுதவிடாமல், எப்போது, எப்படிப் போனது என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். என்ன மாற்றினார்கள் என்று எழுத்தில் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.