ஆசாரி வரவே இல்லை!

பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. கரண்டி எடுக்கலாமென்று சமையலறை டிராயரை ஒரு இழு இழுத்தேன். முன்பலகை மட்டும் கையோடு வந்துவிட்டது! கரண்டி, மத்து, களி கிண்டும் துடுப்பு எல்லாம் என் காலில். கத்தி மட்டும் தெறித்துப்போய், ஜடை பின்ன நின்றிருந்த என் மகளின் கால் பக்கத்தில் விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆசாரியிடம் சொன்னோம். பொம்மிடியில் பெரிய வேலையாம். "நாளைக்கு வரேம்மா" என்றார். அந்த நாளை மூன்று வாரமாக வரவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஒரு டிராயருக்காக யார் கூலியை விட்டுவிட்டு வருவார்கள்? என் கணவருக்கு பெங்களூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். கரண்டிகள் எல்லாம் பக்கெட்டில் கிடந்தன. "ஏம்மா, இது சமையல்கட்டா, பாத்திரக் கடையா?" என்றார் அத்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராயரைத் திண்ணையில் கவிழ்த்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. முன்பலகையைப் பக்கப் பலகைகளோடு வெறும் ஆணியடித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆணி இறங்கிய திசையும் நாம் இழுக்கும் திசையும் ஒன்றுதான். அப்படியென்றால் தினமும் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நாமே பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்! திருகாணியாக இருந்தால் அதன் மரை மரத்தைக் கவ்விக்கொள்ளும். அடிப்பலகையும் சிங்க் தண்ணீரில் ஊறி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது.

அரூர் போய்ப் பலகை வாங்கினேன். பிளைவுட்டில் 'எம்.ஆர்.' என்று போட்டிருந்தால் காற்றின் ஈரத்தைத்தான் தாங்குமாம், தண்ணீர் பட்டால் தாங்காதாம். சிங்க் பக்கம் என்றால் 'ஐ.எஸ். 710' முத்திரை உள்ள மரைன் பிளைவுட்தான் சரி. விலை கூடுதல்தான். ஆனால் சின்னத் துண்டுதானே!

பழைய ஆணிகளைக் குறடால் பிடுங்கினேன். மருந்தை ஒடித்துவிட்ட தீக்குச்சிகளைப் பெவிகாலில் தோய்த்து ஓட்டைகளில் செருகி அடைத்தேன். அவற்றுக்குப் பக்கத்தில் மெல்லிய ஆணியால் வழி போட்டுக்கொண்டு, பெவிகால் தடவித் திருகாணிகளை முடுக்கினேன். வழி போடாமல் முடுக்கினால் மரம் பிளந்துவிடும். அடிப்பலகையைப் பின்பக்கமாகப் பள்ளத்தில் தள்ளினேன்.

உள்ளே நுழைத்துப் பார்த்தால் பாதியிலேயே நிற்கிறது! கோணலாகச் சேர்த்திருக்கிறேன். பிசின் காயாததால் பிழைத்தேன். ஒரு நூலை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை அழுத்திச் சரிசெய்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்தேன். மறுநாள் டிராயர் ஓடும் கட்டைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். எண்ணெய் மட்டும் வேண்டாம் தோழிகளே, தூசி அப்பிக்கொள்ளும்.

கத்திக்கு இப்போது டிராயரில் இடமில்லை. மகளுக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டிவிட்டேன்.

போன வாரம் என் கணவர் வந்தார். டிராயரை இழுத்து, மூடி, மறுபடி இழுத்துப் பார்த்தார். "பரவாயில்லையே, ஆசாரி எவ்வளவு வாங்கினாரு?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன்பே அத்தை சொன்னார்: "அங்க சட்னி அரைச்சுட்டு நிக்கறா பாரு, அந்த ஆசாரியைக் கேளுடா!"

- ஒரு வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி.