ஊசித்துளை மருத்துவம்: டெல்டா மாணவர் எந்த வழியில் போவது?

பூம்புகாரில் ஒருவருக்கு விடியற்காலையில் வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டால், 108 வண்டி சீர்காழிக்கோ மயிலாடுதுறைக்கோ ஓடும். சி.டி. ஸ்கேனில் மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், அடுத்த ஓட்டம் தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ. இரண்டுமே ஊரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, உறைந்த ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கத் தெரிந்த டாக்டர் அந்த நேரத்தில் அங்கே இருக்கிறாரா?

அப்படிப்பட்ட டாக்டர்களில் பலர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டுகள். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. படங்களைப் பார்த்துக்கொண்டே, ஊசித்துளை வழியாக உடலுக்குள் போய் வைத்தியம் செய்பவர்கள். டெல்டாக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: அடைத்த குழாயைத் திறப்பது வாய்க்கால் தூர்வாருவது, ரத்தம் கொட்டும் குழாயை மூடுவது மடை அடைப்பது.

வேலையின் அடிப்படை முறை ஒன்றுதான். தொடையிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாயைக் குத்துகிறார்கள். ஊசிக்குள் ஒரு வயர் போகிறது. ஊசியை உருவிவிட்டு, வயரின் மேலேயே குழாயை ஏற்றுகிறார்கள். 1953-ல் ஸ்வீடனின் ஸ்வென் செல்டிங்கர் எழுதிவைத்த இந்த உத்திதான், இந்தச் சிகிச்சைகள் நடக்கும் அறையான கேத் லேப்பில் இன்றும் முதல் பாடம். பதினோரு ஆண்டு கழித்து, 1964 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜிஸ்ட், காலை வெட்டியெடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தொடைக்குழாய் அடைப்பைக் குழாய்களாலேயே விரித்துத் திறந்தார். கால் பிழைத்தது. படம் பார்த்துச் சொல்லும் துறை வைத்தியம் செய்யும் துறையாகவும் ஆன கதை அங்கே தொடங்குகிறது.

இன்று பட்டியல் நீளம். கல்லீரல் புற்றுக்கட்டிக்குப் போகும் குழாயிலேயே மருந்தைச் செலுத்தி அடைப்பது, பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கைக் கர்ப்பப்பைக் குழாயை மூடி நிறுத்துவது, டயாலிசிஸ் நோயாளியின் கையில் மூடிக்கொண்ட ஃபிஸ்டுலாவைத் திறப்பது, சர்க்கரை நோயில் கருக்கத் தொடங்கிய காலுக்கு ரத்தம் விடுவது. கடைசி இரண்டும் தேவைப்படுபவர்கள் நம் ஊர்ப்பக்கம் தினமும் பார்க்கும் நோயாளிகள்.

சரி, எம்.பி.பி.எஸ். மாணவர் ஒருவருக்கு இதில் ஆசை வந்துவிட்டது. வழி?

இந்தியாவில் வழக்கமான பாதை ரேடியாலஜி வழியாகத்தான். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., பிறகு நீட் முதுநிலைத் தேர்வு, மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. ரேடியோடயக்னோசிஸ், அதன் மேல் மூன்றாண்டு உயர்சிறப்புப் படிப்பான டி.எம். அல்லது அதற்கு இணையான டாக்டரேட் என்.பி. ஒரு வருடம்கூட வீணாகாமல் போனாலே முப்பதை நெருங்கிவிடும். உண்மையான முட்டுக்கட்டை டி.எம். இல்லை, அதற்கு முந்தைய எம்.டி.தான். தரவரிசையின் மேல்தட்டில் இருப்பவர்கள் ரேடியாலஜி இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் பலருக்கு வேண்டியது ஏ.சி. அறையில் ரிப்போர்ட் எழுதும் நிம்மதியான வாழ்க்கை. அதில் தவறில்லை. ஆனால் நள்ளிரவில் கூப்பிட்டால் பல கிலோ ஈய அங்கியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டிய வேலைக்கும் அதே கதவு வழியாகத்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

அமெரிக்கா இதை மாற்றிக்கொண்டது. 2012-ல் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியைத் தனி முதன்மைத் துறையாக அங்கீகரித்து, மருத்துவக் கல்லூரி முடித்தவுடனே சேரும் ஒருங்கிணைந்த பயிற்சியைக் கொண்டுவந்தது. நமக்கு அப்படி ஒன்று வரும் வரை, எம்.டி. சேரும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதுதான் மாணவர் கையில் இருக்கும் பெரிய முடிவு. கல்லூரியின் பெயரைவிட அங்குள்ள ரேடியாலஜி துறையில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் டி.எஸ்.ஏ. மெஷின் இருக்கிறதா, வாரத்துக்கு எத்தனை கேஸ் நடக்கிறது, முதுநிலை மாணவருக்கு வயரைக் கையில் கொடுக்கிறார்களா என்று விசாரிப்பது முக்கியம். சென்னை மருத்துவக் கல்லூரியின் பெர்னார்ட் ரேடியாலஜி நிலையம் 1934-லிருந்து இயங்குகிறது. பாரம்பரியம் பெரிதுதான், ஆனால் அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

மூளை மட்டும்தான் ஈர்க்கிறது என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆகிய இடங்களில் நரம்பியல் பட ஆய்வும் இன்டர்வென்ஷனும் சேர்ந்த டி.எம். உண்டு. நியூராலஜி, நியூரோசர்ஜரி படித்தவர்களும் பயிற்சி பெற்று இந்த வேலைக்கு வருகிறார்கள். டெல்லி எய்ம்ஸ் இதயம், ரத்தக்குழாய்க்குத் தனி டி.எம். நடத்துகிறது. கால் ரத்தக்குழாய்தான் விருப்பம் என்றால் எம்.சி.எச். வாஸ்குலர் சர்ஜரியையும் எடைபோடலாம். டி.எம். கிடைக்காதவர்களுக்கு ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் ஃபெலோஷிப்பும் இருக்கின்றன. கைவேலை கற்றுக்கொள்ளலாம், ஆனால் அரசுக் கல்லூரியில் பேராசிரியராக நினைப்பவருக்கு டி.எம். அளவுக்கு அவை உதவாது.

டெல்டா மாணவர்கள் அதிகம் யோசிக்காத ஒரு வழி, அரசுப் பணி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் படிப்பு போச்சு என்று வீட்டில் பயப்படுவார்கள். உண்மை வேறு. பணியில் உள்ள டாக்டர்களுக்கு முதுநிலை இடங்களில் ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டு 31-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நவம்பரில், அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கித் தமிழக அரசு ஆணையிட்டது. 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதே 2020-ல்தான் முதன்முதலாக மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். முதுநிலை பற்றி யோசிக்கும் அவர்களுக்கு, சம்பளத்தோடு படிக்கும் இந்த வழி மிகவும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தத் துறைக்கு நோயாளிகள் பெரும்பாலும் வேறு துறைகள் அனுப்பித்தான் வருகிறார்கள். வார்டுக்குப் போய்ப் பார்க்காத, நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசாத ரேடியாலஜிஸ்டுக்குக் கேஸ் வராது. மக்களோடு பேசப் பிடிக்காமல் இருட்டறை தேடுபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மற்றவர்கள் ஹவுஸ் சர்ஜன் காலத்தில் விருப்பப் பிரிவுக்கென்று கிடைக்கும் சில வாரங்களை வீணாக்கக் கூடாது. துறைத் தலைவரிடம் நேரில் போய், கேத் லேப்பில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.