அழுகலுக்கு மருந்து உண்டு, வெடிப்புக்கு?

அமெரிக்க வீடுகளின் பின்புறத்தில் மழையும் வெயிலும் தாங்கிக் கிடக்கும் மரத்தளத்தை அங்குள்ள தமிழர்களும் 'டெக்' என்றே சொல்கிறார்கள்.

ஒரு காலத்தில், இந்தத் தளத்துக்கு அழுகாமல் இருக்க மருந்தேற்றிய பைன் பலகை என்றால் பெரும்பாலும் 'சிசிஏ' தான். செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த கரைசலை, பெரிய இரும்பு உருளைக்குள் அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். 1933இல் இந்தக் கலவையைக் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சொண்டி காமேசம். செம்பு பூஞ்சையை ஒடுக்கியது. ஆர்செனிக் கரையானை விரட்டியது. குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்தது. கூடவே, மேற்பரப்பில் மர இழைகளைப் பிணைக்கும் லிக்னினை வெயில் சிதைப்பதையும் அது தாமதப்படுத்தியது.

குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் ஆர்செனிக் எதற்கு என்ற கேள்வி வலுத்தது. 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு சிசிஏ மரம் தயாரிப்பது நின்றது. நல்ல முடிவு அது. இன்று ஏசிக்யூ, காப்பர் அசோல் போன்ற செம்பு மருந்துகள் வந்துவிட்டன. ஆர்செனிக்கோடு குரோமியமும் விடைபெற்றது. வெயிலுக்கு எதிராக அது தந்த துணையும் போயிற்று.

சில கோடை கண்ட பலகையைக் குனிந்து பாருங்கள். திருகாணித் தலையிலிருந்து ரேகையோடு ஓடும் வெடிப்பில் நகம் இறங்கும். மழையில் மேல்தோல் ஊறி உப்புகிறது. வெயிலில் அதுவே முதலில் காய்ந்து சுருங்குகிறது. உள்ளே ஈரம் இருப்பதால் அடியிலுள்ள மரம் கூடவே சுருங்குவதில்லை. இந்த இழுபறியில்தான் பலகை வெடிக்கிறது. ஆண்டு வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சிசிஏ பலகையும் இந்த வெடிப்புக்கு முழு விலக்கல்ல. பூஞ்சைக்கான மருந்து தண்ணீரைத் தடுக்காது. வெடிப்பு ஆழமானால் மருந்து எட்டாத உள்மரத்துக்கே ஈரம் வழி கண்டுபிடித்துவிடும்.

ஆகவே மருந்தேற்றிய மரம் வாங்கியதோடு வேலை முடியவில்லை. மெழுகுக் குழம்பும் சேர்த்து ஏற்றிய பலகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். தண்ணீர் உறிஞ்சுவதும் வெடிப்பதும் குறையும். மற்றதற்கு, ஈரம் உலர்ந்ததும் நீர்விலக்கிப் பூச்சு அடியுங்கள்; தண்ணீர் முத்தாக நிற்காமல் பலகையில் ஊறத் தொடங்கினால் மறுபடி அடியுங்கள். அறுத்த முனைகளில் மருந்து தடவுங்கள். அழுகலைப் பெரும்பாலும் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும். வெடிப்பைக் கவனிக்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.