நாயைப் பழக்கும் நெறி

ஆசிரியப் பயிற்சியில் உளநூல் பயின்றோர் தார்ண்டைக் என்னும் அமெரிக்க அறிஞரை மறந்திருக்கமாட்டார்கள். பூனைகளையும் நாய்களையும் கூண்டில் அடைத்து அவர் செய்த ஆராய்ச்சி 1898ஆம் ஆண்டில் வெளிவந்தது. நற்பயன் தரும் செயலே உயிர்களிடத்து நிலைபெறும் என்னும் விதிக்கு அதுவே வழிகோலியது. நாயைப் பழக்குவோர் இன்றும் அவ்விதியைக் கையாளுகின்றனர்.

முதற் கட்டளை 'உட்கார்'. அவித்த இறைச்சித் துண்டொன்றை நாயின் மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்துக. தலை நிமிரும், பின்புறம் தானே தாழும். அது தரையிற் பட்ட அந்நொடியே பாராட்டித் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். காலந் தாழ்த்தினால், எழுந்து நின்றதற்கே பரிசு என்று நாய் கொள்ளும். அசைவு பழகிய பின்னர், கையை நகர்த்துமுன் சொல்லைக் கூறுக. சொல்லின் பொருளை நாய் அறியாது. ஒலியே அதற்கு அடையாளம். தந்தை 'உட்கார்' எனவும், தாய் 'குந்து' எனவும், பிள்ளை 'சிட்' எனவும் கூறினால் ஒரு பாடம் மூன்றாகிவிடும்.

அடுத்தது 'இரு'. இரண்டு நொடி, ஐந்து நொடி எனக் காலத்தை முதலில் நீட்டுக. தொலைவைப் பின்னர் கூட்டுக. இரண்டையும் ஒருசேரக் கூட்டலாகாது. பாடம் ஐந்து நிமிடத்திற்கு மேற்பட வேண்டா. நன்கு பழகிய பின் உணவை இடையிடையே தந்தால் போதும்.

எல்லாவற்றிலும் இன்றியமையாதது 'வா'. சாலையை நோக்கி ஓடும் நாயின் உயிரைக் காப்பது அச்சொல்லே. இதில்தான் நான் தவறினேன். எங்கள் வீட்டுக் கறுப்பன் ஒரு நாள் செம்பனைக் காட்டுக்குள் ஓடிவிட்டான். நெடுநேரம் அழைத்தபின் வந்தவனைப் பிரம்பால் ஓரடி அடித்தேன். ஓடியதற்குத் தண்டனை என்பது என் எண்ணம். வந்ததற்குத் தண்டனை என்பது அவன் கற்ற பாடம். அதன் பின் 'வா' என்றால் பத்தடித் தொலைவிலேயே நின்றுவிடுவான். வேறொரு சொல்லைத் தேர்ந்து, தொடக்கத்திலிருந்து கற்பிக்க மூன்று மாதம் ஆயிற்று.

அந்நாட்களில், ஒரு வாரம் பள்ளிக்கு வராதிருந்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பு வாயிலில் தயங்கி நின்றான். முன்பெல்லாம் பிரம்பைத்தான் முதலில் தேடியிருப்பேன். அன்று, "வா தம்பி, உட்கார்" என்றேன். வராத காரணத்தைப் பிறகு கேட்டுக்கொண்டேன்.