பழைய வாக்குவம் கிளீனரும் அதன் தாய்ப்பத்திரமும்

வீட்டுக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் நாம் முதலில் கேட்பது தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும்தான். கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சி அறுந்திருந்தால் அதன் மதிப்பை உறுதிசெய்ய இயலாது. பழம்பொருள் சேகரிப்பிலும் இதே விதிதான் செல்லுபடியாகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய வாக்குவம் கிளீனர்களைத் தேடிச் சேகரிப்போர் இருக்கின்றனர். வேடிக்கையான பொழுதுபோக்காகத் தோன்றும் இம்முயற்சி, உண்மையில் ஒரு தொழிலின் தாய்ப்பத்திரத்தைக் காக்கும் பணியாகும்.

இவ்வியந்திரத்தின் வரலாறு தெருவில் தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத் காப்புரிமை பெற்ற கருவி, வீட்டுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. குதிரை வண்டியில் வந்து வாசலில் நிற்கும். நீண்ட குழாய்கள் சன்னல் வழியே உள்ளே செல்லும். தூசு வெளியே வரும். ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக 1902இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களை இக்கருவியே தூய்மை செய்தது. அப்போது அது விலைக்கு வாங்கும் பொருளாக அல்லாமல், கட்டணம் செலுத்திப் பெறும் சேவையாகவே இருந்தது.

அதை வீட்டுப் பொருளாக்கியவர் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துக் கேன்டன் நகரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர். பெருக்கும்போது எழும் தூசு அவருடைய மூச்சுத்திணறலைக் கடுமையாக்கியது. மின்மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவர் உருவாக்கிய கருவிக்கு 1908இல் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை வாங்கியவர், குதிரைச் சேணம் உள்ளிட்ட தோல் பொருள்களைச் செய்துவந்த வில்லியம் ஹூவர். மோட்டார் வாகனங்கள் பெருகிச் சேணத் தொழில் நலியத் தொடங்கிய காலம் அது. தக்க தருணத்தில் தொழிலை மாற்றிக்கொண்ட அவருடைய பெயர், பிரிட்டனில் இன்றும் தூசு உறிஞ்சுவதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே வழங்குகிறது.

அதன்பின் வந்த ஒவ்வொரு மாடலும் தன் காலத்தைப் பதிவு செய்துள்ளது. சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் 1921இல், பனிச்சறுக்கு வண்டியைப் போலத் தரையில் வழுக்கிச் செல்லும் கிடைமட்ட இயந்திரத்தை வெளியிட்டது. கம்பளத்தைத் தட்டி உள்ளிருக்கும் மண்ணை உதிர்க்கும் சுழல் தண்டு, 1926ஆம் ஆண்டின் ஹூவர் 700 மாடலில் வந்தது. 1936இல் வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் உருவாக்கிய ஹூவர் 150 மாடலோ, பேக்கலைட் மூடியுடன் பொலிவு பெற்றது. அலுமினியம் பேக்கலைட்டாகவும் பின்னர் பிளாஸ்டிக்காகவும் மாறியதை இவ்வியந்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அறியலாம்.

தொழிற்சாலைகள் நிலையானவை அல்ல என்பதே சேகரிப்பாளர்களின் கவலை. பிரிட்டனில் ஹூவர் கிளை 1992இல் பொருள் வாங்குவோருக்கு இலவச விமானப் பயணச்சீட்டு அறிவித்து, ஏறத்தாழ 5 கோடி பவுண்டு இழப்பைச் சந்தித்தது. 1995இல் ஐரோப்பிய வணிகம் இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்குக் கைமாறியது. அமெரிக்க ஹூவரோ மேடேக், வேர்ல்பூல் ஆகிய நிறுவனங்களின் வழியாக 2007இல் ஹாங்காங்கின் டிடிஐ குழுமத்தை அடைந்தது. அதே ஆண்டில் நார்த் கேன்டன் தொழிற்சாலையும் மூடப்பட்டது. நிறுவனம் கைமாறும்போது கணக்குப் புத்தகங்கள் தவறாமல் புதியவரிடம் செல்கின்றன. பழைய வரைபடங்கள், விற்பனைக் கையேடுகள், பணியாளர்களின் நினைவுகள் ஆகியவற்றுக்கு அத்தகைய உறுதி இல்லை. அந்த இடைவெளியைத்தான் தனிப்பட்ட சேகரிப்பாளர்கள் நிரப்புகின்றனர்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு அத்தியாயம் உண்டு. 1982இல் ஃபோர்ப்ஸும் எலக்ட்ரோலக்ஸும் இணைந்து தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், வாக்குவம் கிளீனரை வீடு வீடாகச் சென்று செயல்முறையில் விளக்கி விற்றது. கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் நம் கண்முன்னே சோபாவிலிருந்து தூசு எடுத்துக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அன்று இருபது வயதில் பணியில் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைக்காவிட்டால், அந்த வரலாறு அவர்களோடு மறைந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய இயந்திரம் இருந்தால், பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுமுன் சற்றுப் பொறுங்கள். அதை உடனே மின்னிணைப்பில் செருக வேண்டாம். பழைய ஒயரின் ரப்பர் உறை காய்ந்து வெடித்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்ததாயின் 120 வோல்ட்டுக்கு உரியதா எனப் பாருங்கள். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அதன் மோட்டார் எரிந்துவிடும். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் பொறித்த தகட்டை அழுத்தித் தேய்க்காமல் புகைப்படம் எடுங்கள். தகட்டில் காப்புரிமை எண் இருந்தால், இயந்திரம் எந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதை அது காட்டிக்கொடுக்கும். ரசீது, உத்தரவாத அட்டை, கையேடு ஆகியவற்றை ஒரே உறையில் இடுங்கள். யார், எப்போது, எந்த ஊரில் வாங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.

இதனால் பெரும் பொருள் சேரும் என்று நாம் சொல்லவில்லை. பெருமளவில் உற்பத்தியான பொருள்களுக்குத் தங்கத்தைப் போன்ற மதிப்பு கிட்டுவது அரிது. எந்த வங்கியும் அவற்றை ஈடாக ஏற்காது. ஆயினும் நம் குடும்பம் தன் உழைப்பின் பயனை எதில் செலவிட்டது, அப்பொருளை யார் செய்தார்கள், யார் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு அந்த உறையே சான்று. இயந்திரத்துக்கு வீட்டில் இடமில்லை என்றாலும், அந்த உறைக்கு இழுப்பறையில் இடம் இருக்கும்.