பயனாளியும் தலைவரும்: வளர்ச்சிக்கான தொண்டு நிறுவனங்களை நடத்துவது யார்?



இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் தொண்டு நிறுவனங்களின் தலைமையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர் என்று அவரை நாம் நினைவுகூர்கிறோம். 1932இல் அவர் இன்னொரு மேசையிலும் அமர்ந்தார். பூனா ஒப்பந்தம் கையெழுத்தான ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 30 அன்று, பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கென்று ஓர் அகில இந்திய அமைப்பு உருவானது. பின்னாளில் அது ஹரிஜன சேவக சங்கம் என்று பெயர் பெற்றது. தலைவர், தொழிலதிபர் ஜி.டி. பிர்லா. செயலாளர், தக்கர் பாபா. தொடக்கத்தில் அதன் மத்தியக் குழுவில் அம்பேத்கர், எம்.சி. ராஜா, சீனிவாசன் ஆகிய மூவரும் இருந்தார்கள்.

அந்த நவம்பரில் லண்டனுக்குப் போகும் கப்பலிலிருந்து அம்பேத்கர் தக்கருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். தனி மனிதர்களைத் திருத்தும் வேலையில் பணத்தைச் செலவழிக்காதீர்கள். மதுவிலக்கு, உடற்பயிற்சிக் கூடம், நூலகம் என்று போகாமல், கிணற்றிலும் பள்ளியிலும் பொதுச் சாலையிலும் உரிமையை நிலைநாட்டும் போராட்டத்தை ஊர் ஊராக நடத்துங்கள். வேலைவாய்ப்பில் சமத்துவத்துக்குப் பாடுபடுங்கள் என்பது அதன் சாரம். இந்த வேலையை யாரைக் கொண்டு செய்யப்போகிறீர்கள் என்பதையும் அவர் எழுப்பினார். கூலிக்கு வேலை செய்கிறவரால் இது ஆகாது, இந்த மக்கள்மீது உள்ளார்ந்த பற்று உள்ளவர்கள் வேண்டும், அவர்களை இந்த மக்களுக்குள்ளேயே தேட வேண்டும் என்றார். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவர் விலகினார்.

நிர்வாகத்தில் தங்களுக்கு இடம் வேண்டும் என்று பிறகு கேட்டவர்களுக்குக் காந்தி சொன்ன விளக்கம் இது: தீண்டாமை என்பது சாதி இந்துக்கள் பட்ட கடன்; சங்கம் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுப்பவர்களுடையது; ஆகவே அதை நடத்த வேண்டியவர்களும் அவர்களே. கேட்பதற்கு இது பணிவான பேச்சுதான். ஆனால் எவ்வளவு கடன், எந்த வடிவில், எப்போது தீரும் என்பதையெல்லாம் கடன்பட்டவரே முடிவு செய்துகொள்கிறார். கொடுக்க வேண்டியவர் நிர்வாகி, வாங்க வேண்டியவர் காத்திருப்பவர்.

சமூகவியல் மாணவர்கள் இந்த ஏற்பாட்டை ஒரே சொல்லில் அடையாளம் காணலாம். வளர்ச்சித் துறையில் அந்தச் சொல் ‘பயனாளி’. திட்ட அறிக்கைகளில் தலித் மக்கள் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் வருகிறார்கள். பயனாளிக்குக் கறவை மாடு உண்டு, தையல் இயந்திரம் உண்டு, பயிற்சி முகாமும் சான்றிதழும் உண்டு. எந்த ஊரில் என்ன செய்வது, பணத்தை எதற்குச் செலவிடுவது, யாரை வேலைக்கு வைப்பது, யாரை நீக்குவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் நாற்காலி இல்லை. ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்று பெயர்ப்பலகை மாட்டினாலும் இந்த இருக்கை வரிசை மாறுவதில்லை.

மாறிய இடம் ஒன்றைப் பார்ப்போம்.

ஜஹீராபாத்தின் சங்கங்கள்

தெலங்கானாவில், அன்றைய மேடக் மாவட்டத்தில், இன்றைய சங்காரெட்டி மாவட்டத்தில் உள்ளது ஜஹீராபாத் வட்டாரம். மழையை நம்பிய வறண்ட பூமி. அங்கே 1983இல் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் நகரத்துப் படிப்பாளிகள். அவர்களில் முதன்மையானவர் பி.வி. சதீஷ், மைசூர்க்காரர், தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர். 2023 மார்ச்சில் இறக்கும்வரை வெளியுலகுக்கு அமைப்பின் முகம் அவர்தான். ஆனால் அமைப்பு நிற்பது ஊர்தோறும் உள்ள பெண்கள் சங்கங்களின்மேல். சுமார் 75 ஊர்களில் ஏறத்தாழ 5,000 பெண்கள். பெரும்பாலோர் தலித்துகள், நிலமற்றவர்கள் அல்லது துண்டு நிலம் உள்ளவர்கள், பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

அவர்கள் எதை முடிவு செய்தார்கள் என்பதிலிருந்து தலைமையை அளக்கலாம்.

நிலச் சீர்திருத்தத்தில் அந்தப் பகுதித் தலித் குடும்பங்களுக்கு ஓரளவு நிலம் கிடைத்திருந்தது. கல்லும் சரளையுமான, யாருக்கும் வேண்டாத நிலம். 1983இல் ஆந்திர அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுக்கத் தொடங்கியது. பசியாற்றிய திட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது பஞ்சாபிலும் கோதாவரிப் படுகையிலும் விளைந்த தானியத்தைக் கொண்டுவந்தது. சோளமும் சிறுதானியமும் விளைவித்த வறண்ட நிலம் தரிசாகக் கிடந்தது. நிலமும் வேலையும் போன இடத்தில் ரேஷன் அட்டை மட்டும் மிஞ்சியது.

சங்கத்துப் பெண்கள் 1990களின் நடுவில் மாற்றுப் பொது விநியோக முறை ஒன்றை நடத்தினார்கள். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிதியுதவி கிடைத்தது. முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் சுமார் 2,600 ஏக்கர் தரிசு உழவுக்கு வந்தது. உழவு, எரு, விதைப்பு, களையெடுப்பு என்று வேலைக்குத் தக்கபடி நிலத்துக்காரருக்குத் தவணைகளில் கடன். அதைப் பணமாகத் திருப்ப வேண்டியதில்லை. ஐந்தாண்டுகளில் சோளமாக ஊர்த் தானிய நிதிக்கு அளந்தால் போதும். அந்தத் தானியம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, பஞ்ச மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் போனது.

யார் ஏழை என்று முடிவு செய்த விதம் இதைவிட முக்கியம். வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. ஊர்ப் பொது இடத்தில் தரையில் ஊரின் வரைபடத்தை வண்ணப் பொடியால் வரைந்து, ஒவ்வொரு வீட்டையும் எல்லோர் முன்னிலையிலும் பேசி வகைப்படுத்தினார்கள். மிக ஏழை வீட்டுக்கு அதிக தானியம். வட்டாட்சியர் அலுவலகத்தின் அதிகாரம் ஒன்று ஊர்த் தரைக்கு இறங்கி, தலித் பெண்கள் கைக்கு வந்த தருணம் இது.

விதையும் அப்படித்தான். ஒரே ஏக்கரில் சோளம், கம்பு, தினை, துவரை, பயறு எனப் பல பயிர்களைக் கலந்து விதைப்பது அவர்கள் முறை. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று சோறு போடும். விதையைச் சாம்பலும் வேப்பிலையும் இட்டுப் பானைகளிலும் கூடைகளிலும் காக்கிறார்கள். கடனாக விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பி அளக்கிறார். அங்கே காசுக்கு வேலையில்லை. 1990களின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் சங்கராந்தியை ஒட்டி மாட்டுவண்டிகளில் விதைகளை ஏற்றி ஊர் ஊராகச் செல்லும் பழம்பயிர்த் திருவிழாவையும் நடத்துகிறார்கள். பண்ணையாரின் வாசலில் விதைக்கும் கடனுக்கும் நின்ற சமூகத்தின் பெண்களிடம் மற்றவர்கள் விதை கேட்டு வருவதை வெறும் விவசாயச் செய்தியாகப் படிக்க முடியாது. 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது இந்த அமைப்புக்குக் கிடைத்தது.

யார் பேசுவது?

மேடையில் பேசுவதும் அறிக்கை எழுதுவதும் தலைமையின் பகுதிதான். தொண்டு நிறுவனங்களில் இந்த வேலை ஆங்கிலம் தெரிந்தவர்களிடமே தங்கிவிடும். ஜஹீராபாத்தில் 1990களின் பிற்பகுதியில் சங்கப் பெண்களுக்கு வீடியோ பயிற்சி தரப்பட்டது. அவர்கள் கேமரா கோணங்களுக்குத் தங்கள் வாழ்விலிருந்தே பெயர் வைத்தார்கள். பட்டேலின் பார்வைக்கு ஒரு பெயர், அடிமையின் பார்வைக்கு ஒரு பெயர். கண்மட்டத்தில் நேருக்கு நேர் எடுப்பதற்கு ‘சங்கம் ஷாட்’. ஒரு சமூகக் கோட்பாட்டையே அவர்கள் இந்த மூன்று பெயர்களில் சொல்லிவிட்டார்கள். பி.டி. பருத்தி வந்த பிறகு வாரங்கல் விவசாயிகளுக்கு என்ன ஆயிற்று என்பதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து படமாக்கியவர்களும் இவர்களே.

வானொலிக்காக அவர்கள் நீண்ட காலம் காத்திருந்தார்கள். நிலையக் கட்டடமும் கருவிகளும் 1990களின் இறுதியிலேயே தயார். ஆனால் தொண்டு அமைப்புகள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2006இல்தான் கொள்கை வகுத்தது. 2008 அக்டோபரில் மச்சனூரிலிருந்து சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. நடத்தியவர்கள் நரசம்மா என்று ஒரே பெயர் கொண்ட இரண்டு தலித் பெண்கள். 1893இல் சீனிவாசன் நமக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று எண்ணியதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. நம்மைப் பற்றிய பேச்சை மற்றவர் கையில் விட்டால், நாம் என்றும் பரிதாபத்துக்குரியவர்களாகவே எழுதப்படுவோம்.

தொடக்கத்தில் வந்த படிப்பாளிகளின் பங்கைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களை ஒரே கேள்வியால் அளக்கலாம்: அவர்கள் போன பிறகு எது யார் கையில் மிஞ்சுகிறது? இங்கே நிலமும் விதையும் கேமராவும் ஒலிவாங்கியும் பெண்கள் கையில் இருக்கின்றன.

சாதி வெடிக்கும்போது

நிலம், கடன், விதை பற்றிச் சாதியைச் சொல்லாமலேயே பல ஆண்டுகள் வேலை செய்துவிடலாம். ஊர் இரண்டுபடும் நாளில் தலைமையின் உண்மை வெளிவரும். இதற்கு அகமதாபாத்தின் சேவா அமைப்பை எடுத்துக்கொள்ளலாம்.

தெருவோர வியாபாரிகள், பழைய துணி விற்பவர்கள், தலைச்சுமைக்காரர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் என அமைப்புசாராப் பெண்களை இணைத்து 1972இல் இலா பட் அதைத் தொடங்கினார். அது காந்தி வழிகாட்டுதலில் உருவான ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் மடியில் வளர்ந்தது. 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்கள் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். உறுப்பினர்களில் தலித், முஸ்லிம் பெண்கள் கணிசம். 1981இல் மருத்துவ மேற்படிப்பு இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் குஜராத்தில் கலவரம் மூண்டு தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஏராளமான தலித் ஆலைத் தொழிலாளர்களை உறுப்பினர்களாகக் கொண்ட தாய்ச் சங்கம் மௌனம் காத்தது. இலா பட் தலித்துகளின் பக்கம் வெளிப்படையாகப் பேசினார். அந்த ஆண்டே சேவா தாய்ச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது.

அந்தப் பேச்சுக்குச் சேவா கொடுத்த விலை பெரிது. ஆனால் அதை நடத்தியவர்கள் தங்கள் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்கள். தொழில்வாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளிப் பெண்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் அமைப்பு அது. வாக்குள்ளவர்கள் மத்தியில் நின்றுகொண்டு மௌனம் காப்பது கடினம். நன்கொடையாளருக்கு மட்டும் பதில் சொல்லும் அமைப்புக்கு மௌனம் வசதி.

பத்திரத்தைப் படியுங்கள்

ஆகவே ஒரு தொண்டு நிறுவனத்தை மதிப்பிடச் சுவரொட்டியில் உள்ள படங்கள் போதாது. அது எந்தச் சட்ட வடிவில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அறக்கட்டளை என்றால் பத்திரத்தில் பெயர் உள்ள அறங்காவலர்களே அதிகாரம் உள்ளவர்கள். அடுத்து யார் வருவார் என்பதும் பத்திரப்படியே. அது யாருக்காக நடக்கிறதோ அவர்களுக்கு வாக்கு கிடையாது. பொது அறக்கட்டளையில் நிர்வாகம் தவறினால், அதில் அக்கறை உள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுக்கலாம். பலருக்கு இது தெரியாது.

சங்கமாகப் பதிவானால், தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுக்குழு உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். கேட்பதற்கு ஜனநாயகம். ஆனால் உறுப்பினர் பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது? நிறுவனரின் உறவினர்களும் நண்பர்களுமே பொதுக்குழுவாக இருந்தால், ஆயிரம் பயனாளிகள் இருந்தும் பயனில்லை. 2002இல் நிறுவனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வடிவில் உற்பத்தியாளர்களே உறுப்பினர்கள். தனிநபர்கள் உறுப்பினர்களாக உள்ள இடத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பொருளாதார வேலைக்கு நம் இளைஞர்கள் இந்த வடிவத்தையும் கூட்டுறவையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பணத்தின் பாதையும் தலைமையைத் தீர்மானிக்கிறது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், ஓர் அமைப்பு தான் பெற்ற நன்கொடையை இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தது. டெல்லியோடும் ஆங்கிலத்தோடும் தொடர்புள்ள பெரிய அமைப்பு சமாளித்துக்கொள்ளும். அதனிடமிருந்து சிறு தொகை பெற்று ஊரில் இயங்கும் அமைப்புக்குத்தான் அடி. தலித்துகள் தாங்களே நடத்தும் அமைப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கின்றன.

1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதைப் பற்றி இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. நம் பெயரில் எழுதப்பட்ட நிலம் பிறர் அனுபவத்தில் இருப்பதை எதிர்க்கிறோம். நம் பெயரால் பெறப்படும் நிதியையும் நம் பெயரால் நடக்கும் நிறுவனங்களையும் பற்றி அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: யார் பெயரில், யார் அனுபவத்தில்?

உங்கள் ஊரில் வேலை செய்யும் அமைப்பிடம் நான்கைக் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் இந்தச் சேரியிலிருந்து யார்? அதில் பெண்கள் எத்தனை பேர்? ஆண்டுக் கணக்கு ஊரில் தமிழில் வாசிக்கப்படுகிறதா? இங்கே வன்கொடுமை நடந்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? இவற்றைக் கேட்பதால் யாரும் பகையாளி ஆகிவிட மாட்டார்கள். நல்ல அமைப்பு பதில் சொல்லும். கோபப்படும் அமைப்பும் ஒரு வகையில் பதில் சொல்லிவிடுகிறது.

கப்பலிலிருந்து அம்பேத்கர் எழுதிய கடிதத்துக்குத் தக்கர் பதில் போடவில்லை. அந்தக் கேள்வி இன்னும் தபாலில்தான் இருக்கிறது. ஜஹீராபாத்தின் பெண்கள் தங்கள் பங்குக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். மீதியை நாம் எழுத வேண்டும்.

ஜெய்பீம்.